நான் கண்டுபிடித்த கற்பித்தல் முறை

திருகோணமலைப் பெருமக்களுக்கு அறிவித்தல்: இன்று முதல் அடியேன் ஒரு வாத்தியார்.

விடுமுறை எழுத்து வகுப்பில் என் பக்கத்துக் கதிரையில் மூதூர் ரிப்கான். ஓ.எல். பரீட்சை நெருங்குகிறது, கட்டுரை என்றால் நாலு வரியோடு நின்றுவிடுவான்.

“கதைப்பன் மச்சான், எழுதத்தான் ஏலாது.”

“அப்ப கதை. கடலில தோணி எஞ்சின் நிண்டதைச் சொல்லு.”

சொன்னான். போனில் பதிந்தேன். தன் குரலைக் கேட்டுக் கேட்டு ஒரு பக்கம் எழுதிவிட்டான்.

“வாப்பா பயப்படாத மாதிரிப் பாடினார். நானும் பயப்படாத மாதிரிச் சிரித்தேன்” என்று முடித்திருந்தான்.

டீச்சர் இரண்டு தரம் வாசித்தார். “நீயே எழுதினதா?”

“ஓம் டீச்சர்! போனில பதிஞ்ச என்ர குரலைக் கேட்டு எழுதினன்.” அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

“பதிஞ்சது ஆர்?”

நான் கொலரை உயர்த்தினேன்.

சரி, உண்மையைச் சொல்கிறேன். பதிந்தது நம் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு அவனைப் பகிடி பண்ணத்தான். அழித்துவிட்டேன். அந்தப் பதிவைக் கேட்டுச் சிரிக்கக் காத்திருந்தவர்கள் முதலில் அவனை வாழ்த்துங்கள், பிறகு என்னைத் திட்டுங்கள்.