காற்றுக்கு விட்ட இடம்

எங்கள் வீட்டில் ஒரு சொல் உண்டு: காத்துக்கு விடுறது.

தண்ணீரூற்றில் வீட்டுக்குப் பின்னாலிருந்த வெளியில் சாம்பலால் கோடு போட்டு, இரண்டு கமுகந்தடி நட்டு, பழைய மீன்வலையைக் கட்டித்தான் மகளும் நானும் பட்மின்ரன் விளையாடினோம். சோளகக் காற்று பலமாக வீசுகிற மாதங்களில் பந்தை நேரே அடித்தால் கிளுவை வேலியில் போய்ச் சிக்கும். ஆகவே காற்று வரும் பக்கமாக, கோட்டுக்கு ஒரு முழம் வெளியே குறி வைக்க வேண்டும். காற்றே அதை உள்ளே கொண்டுவந்து விழுத்தும். "காத்துக்கு விடு, பிள்ளை" என்று சொல்லிக் கொடுத்தவள் நான்தான்.

பதினாறு வயதில் மாகாண விளையாட்டு விழாவில் பெண்கள் தனிநபர் ஆட்டத்துக்கு அவள் தெரிவானாள். போட்டி வவுனியாவில். போர்க்காலம்; வன்னியை விட்டு வெளியே போக இயக்கத்திடம் பாஸ் எடுத்து, ஓமந்தை வரை மண்ணெண்ணெயில் ஓடும் மினிபஸ்ஸிலும் பிறகு நடந்தும் போய்ச் சேர்ந்தோம்.

மண்டபத்துக்குள் விளையாடுவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. வழக்கம்போலப் பழைய பந்திலிருந்து ஒரு தூவியைப் பிய்த்துக் காற்றுப் பார்க்க விட்டாள். அது நேரே காலடியில் விழுந்தது. பார்வையாளர் வாங்கில் இருந்த இரண்டு பிள்ளைகள் சிரித்தார்கள்.

"சாத்திரம் பாக்கிறா போல."

"இல்லையடி, மழை வருமோ எண்டு பாக்கிறா!"

மகளும் சிரித்தாள். முதல் சுற்றுகளை வலைக்குக் கிட்டப் போட்டே எளிதாக வென்றாள். இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டாள்.

அதில் வெல்பவள் கொழும்புக்கு, தேசிய மட்டப் போட்டிக்குப் போக வேண்டும். என் தம்பி அதற்கு முந்திய வருடம் வேலை தேடிக் கொழும்புக்குப் போனவன். வன்னியிலிருந்து வந்தவன் என்று லொட்ஜில் வைத்துப் பொலிஸார் பிடித்தார்கள். மூன்று மாதம் கழித்து வெளியே விட்டார்கள். வந்தவன் இன்றுவரை யாராவது கதவைத் தட்டினால் எழுந்து நின்றுவிடுகிறான்.

மூன்று ஆட்டம் கொண்ட அந்த இறுதிப் போட்டியில் முதலாவதில் மகள் தோற்றாள். அடுத்ததில் வலைக்குக் கிட்டவே மெதுவாகப் போட்டுப் போட்டு வென்றாள். ஆனால் உயர்த்தி அடித்த பந்துகளெல்லாம் பக்கக் கோட்டுக்கு ஒரு முழம் வெளியே விழுந்தன. ஆடும் முனை மாறியதும் மற்றப் பக்கத்தில் விழுந்தன. பள்ளிக்கூடத்தில் அவளைப் பயிற்றுவித்த சேருக்கு விளங்கவில்லை. வீட்டில் அவளுக்கு எதிர்ப்பக்கத்தில் நின்று விளையாடிய எனக்கு விளங்கியது. காற்றே இல்லாத இடத்தில் அவளுடைய கை சோளகத்துக்கு இடம் விட்டுக்கொண்டிருந்தது.

மூன்றாவது ஆட்டத்துக்கு முன் ஐந்து நிமிட ஓய்வு. வியர்வை சொட்ட என்னிடம் வந்தாள்.

"அம்மா, நான் எங்க பிழை விடுறன்?"

காத்துக்கு விடாதை. இரண்டே சொல். நாக்கு நுனி வரை வந்தது. தம்பியின் முகமும் கூடவே வந்தது.

"தண்ணியைக் குடி. நல்லாத்தான் விளையாடுறாய்" என்றேன்.

அவள் தோற்றாள். கடைசிப் பந்தும் ஒரு முழம் வெளியே. நான் மற்றத் தாய்மாரோடு சேர்ந்து கை தட்டினேன். நெஞ்சுக்குள் ஒரு பாரம் இறங்கியது. அதை விடப் பெரிய ஒன்று அதே இடத்தில் ஏறிக்கொண்டது.

திரும்பும்போது ஓமந்தைப் பக்கம் நடந்துகொண்டிருந்தோம். செம்மண் புழுதி ஒருபக்கமாகப் பறந்தது. அவள் சட்டென்று நின்றாள்.

"அம்மா, அங்க காத்து இல்லை. நான் காத்துக்கு விட்டிட்டன்."

நான் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"உங்களுக்குத் தெரிஞ்சதோ?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஓம்" என்றேன்.

ஏன் என்று அவள் கேட்கவில்லை. என் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு முன்னே நடந்தாள்.

அடுத்த நாள் பின்னேரம் சாம்பலை எடுத்துக் கோடு போட்டாள். என் கையில் றக்கெற்றைத் தந்தாள். பலமான சோளகம். அவள் நேரே அடித்தாள். பந்து வேலிக்குப் போனது.

"காத்துக்கு விடு, பிள்ளை" என்றேன், பழக்கத்தில்.

"விட மாட்டன்."

மறுபடியும் நேரே அடித்தாள். மறுபடியும் வேலி. அடுத்த வருடத்து மண்டபத்துக்காக அடிக்கிறாள் என்று எனக்கு விளங்கியது. இருட்டும் வரை கிளுவை முள்ளுக்குள் கையை விட்டு நான் பந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.