தட்டுகிறவளும் தேய்க்கிறவளும்

அசாந்தி நாட்டுக் கொனோங்கோ ஊரில் பிராகோவைக் கேட்காமல் யாரும் செத்ததில்லை என்பார்கள். அது கொஞ்சம் மிகைதான். மூன்று பேர் கேட்காமல் செத்திருக்கிறார்கள். அந்த மூன்று இழவுக்கும் எவ்வளவு குறைவாகக் கூட்டம் வந்தது என்பதை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது.

பிராகோவின் தொழில் சாவு அறிவிப்பு. தெருமுனைகளில் ஒட்டும் பெரிய சுவரொட்டி, சனிக்கிழமை இழவுப் பந்தலில் கையில் கொடுக்கும் சின்னப் புத்தகம், இரண்டையும் அவளே செய்வாள். அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர். சுரங்கம் மூடியபோது கையில் இருந்ததைக் கொண்டு மகளைத் தட்டச்சுப் பள்ளியில் சேர்த்தார். பத்து விரலாலும் அடிக்கக் கற்ற கையோடு நீதிமன்றத்தில் எழுத்தராகச் சேர்ந்தாள். இரண்டு பெண்களைப் பெற்றாள், புருஷனை ஒருமுறை விரட்டி, திரும்பி வந்தவனை இன்னொருமுறை விரட்டினாள். அதன்பின் லாரி நிலையத்துக்கு எதிரே மரப்பலகைக் கடை போட்டு உட்கார்ந்தாள். ஐம்பத்தொரு வயதில், சுவர் நிறையப் பழைய சுவரொட்டிகளோடு, காலையில் கடை திறந்ததும் செத்தவர்களுக்கு வரிசையாக வணக்கம் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குகிறவள்.

அவளுடைய மடிக்கணினி சாப்பாட்டுத் தட்டை விடச் சற்றுப் பெரியது. ஹாம்பர்க்கில் இருக்கும் தம்பி பதினாலு வருஷத்துக்கு முன், அவள் கடை போட்டபோது அனுப்பியது. மூடியின் கீல் உடைந்து, கறுப்புத் துணி நாடாவால் கட்டியிருந்தாள். மின்சாரம் போனால் அதன் உயிர் ஒரு முட்டை வேகும் நேரத்துக்கு மேல் தங்காது. ஆனாலும் அந்தக் குட்டிச் சாமானுக்குள் ஊரே இருந்தது. எந்தக் குடும்பத்துக்கு யார் தலைவர், எந்தச் சித்தி எந்த மாமனோடு பேசுவதில்லை, எவன் உண்மையிலேயே லண்டனில் இருக்கிறான், எவன் தலைநகரம் அக்ராவில் ஒளிந்துகொண்டு லண்டன் என்கிறான், எல்லாம். இங்கே சுவரொட்டியில் படம் முக்கியமல்ல, பெயர்களின் வரிசைதான் முக்கியம். குடும்பத் தலைவர் முதலில், அப்புறம் இழவை முன்நின்று நடத்தும் 'துக்கத்தில் முதல்வர்', அப்புறம் மனைவி, பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள், மருமக்கள். வெளிநாட்டில் இருப்பவர் பெயருக்குப் பக்கத்தில் அந்த ஊரின் பெயர். ஒரு பெயர் ஒரு வரி இறங்கினால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சு நின்றுவிடும். ஆகவே பிராகோ விசைப்பலகையை யாரையும் தொட விட்டதில்லை. அவள் உட்கார்ந்து அடிப்பாள், குடும்பம் பின்னால் நின்று பார்க்கும்.

ஈஸ்டருக்கு அடோமா வந்தாள். இருபத்தாறு வயது. குமாசியில் படித்துவிட்டுத் திரும்பியவள், சிவப்பு உறை போட்ட டேப்லெட் ஒன்று வைத்திருந்தாள். கடை இல்லை, பலகை இல்லை. இழவு வீட்டுக்கே நடந்துபோய், பெஞ்சில் அழுதுகொண்டிருப்பவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, விரலால் தேய்த்துத் தேய்த்துச் சுவரொட்டி செய்தாள்.

முதலில் பிராகோ சிரித்தாள். அது பெரிய போன், வேறொன்றுமில்லை என்று எதிரே புளித்த சோளமாவு உருண்டையான கென்கே விற்பவளிடம் சொன்னாள். மறுவாரம், விசை இல்லாத இயந்திரம் பல்லில்லாத வாய் மாதிரி என்றாள். அதற்கடுத்த வாரம் சிரிப்பு நின்றது. அந்த வாரம் அடோமா மூன்று வீட்டுக்குப் போயிருந்தாள். பிராகோவின் வயிறு எரிந்த எரிச்சலில் கென்கே பானையை அடுப்பில்லாமலே வேகவைத்திருக்கலாம். அவளைச் சுட்டது வேலை போனது கூட இல்லை. பத்து வருஷம் தன் முதுகுக்குப் பின்னால் நின்ற ஒரு வாடிக்கைக்காரி வந்து, "அடோமாகிட்ட நாங்க உக்காந்துக்கிட்டே பாத்தோம், பிராகோ. கால் வலிக்கல" என்று நல்ல மனதோடு சொல்லிப்போனதுதான் சுட்டது.

இந்த நேரம் பார்த்து லாரி முதலாளி பாஃபி செத்தார். பதினோரு லாரி, எழுபத்தெட்டு வயது, நாலு ஊரில் உறவு. அவருடைய சாவு அறிவிப்பை யார் செய்கிறாளோ அவளிடம்தான் இனி ஊர் சாகும் என்பது பிராகோவுக்கும் அடோமாவுக்கும் தெரியும். குடும்பத் தலைவர் அம்போன்சாவுக்கும் தெரியும். அவர் நியாயஸ்தர் என்று பெயரெடுக்க ஆசைப்படுகிறவர், அதனால் இருவரையும் ஞாயிற்றுக்கிழமை மதியம் குடும்ப வீட்டு முற்றத்துக்கு வரச் சொன்னார். இரண்டையும் காட்டுங்கள், பார்த்துச் சொல்கிறோம் என்றார்.

முற்றத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். பிராகோ மேசை கேட்டு, நீளமான மின்கம்பி கேட்டு, கணினியைத் திறந்தாள். பெயர்ப் பட்டியல் அறுபது வரி, ஒன்றுகூடப் பிசகில்லை. அம்போன்சா தலையாட்டத் தொடங்கிய நேரம் மின்சாரம் போயிற்று. முட்டை வேகும் நேரம் என்று சொன்னேனல்லவா, அன்றைக்கு அது புறா முட்டையாகிவிட்டது. திரை கறுத்தது. பின்வரிசையில் யாரோ, பாஃபி இரண்டாவது தடவை போய்விட்டார் என்று முணுமுணுத்தார்கள்.

அடோமா எழுந்தாள். டேப்லெட்டை இடது கையில் ஏந்தி வலது விரலால் தேய்த்துப் பழகியவள், தேய்த்த வேகத்தில் அதை அம்போன்சாவிடம் இடது கையாலேயே நீட்டிவிட்டாள். முற்றமே திரும்பிப் பார்த்தது. பெரியவர்களுக்கு இடது கையா? பிராகோவுக்கு உள்ளுக்குள் தேவாலய மணி அடித்தது. ஆனால் அந்தப் பெண் அப்படியே முழந்தாளிட்டு, கை மாற்றி, "தப்புதான் பெரியவரே, இந்தச் சாமான் என் வலது கையை எடுத்துக்கிச்சு, மரியாதையை எடுத்துக்கல" என்றாள். கிழவர்கள் சிரித்துவிட்டார்கள். பிராகோ நாற்பது வருஷமாக யாருக்கும் இடது கை நீட்டாதவள். அதற்காக அவளைப் பார்த்து யாரும் இப்படிச் சிரித்ததில்லை.

அதைவிட மோசமானது பின்னால் வந்தது. செத்தவரின் அக்கா செவா, கண் மங்கியவள். அடோமா டேப்லெட்டை அவள் மடியில் வைத்து, இரண்டு விரலைப் பிடித்துத் திரையில் விரித்துக் காட்டினாள். பாஃபியின் முகம் பெரிதாயிற்று. மீண்டும் விரித்தாள். மீசை வந்தது, மூக்குப் பக்கத்து மரு வந்தது.

"பக்கத்துல வந்துட்டான்" என்றாள் செவா, மெதுவாக. கன்னத்தில் நீர் வழிய அந்த மருவைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

பதினாலு வருஷத்தில் பிராகோவின் திரை முன்னால் யாரும் இப்படி அழுததில்லை. அழுதவர்கள் எல்லாரும் அவள் முதுகைப் பார்த்துத்தான் அழுதார்கள். அப்போதுதான் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. எழுந்து, தேன் ஒழுகும் குரலில் சொன்னாள்:

"நல்லா இருக்கு, பொண்ணே. எல்லாரும் பாக்கட்டுமே. அவங்கவங்க பேர் சரியா இருக்கான்னு அவங்கவங்களே பாத்துத் திருத்திக்கட்டும். கையில கொடுத்து அனுப்பு."

அடோமாவுக்கு நாற்பது பேர் கொண்ட குடும்பம் என்றால் என்னவென்று தெரியாது. கொடுத்தாள். டேப்லெட் மடியிலிருந்து மடிக்கு, பெஞ்சிலிருந்து பெஞ்சுக்குப் போயிற்று. சமையல் கொட்டகைக்குப் போய் ஃபூஃபூவுக்குக் கிழங்கு இடிக்கிறவர்களிடம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தது. பிராகோ கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். உறவுக்காரர்களின் விரலைப் பற்றி அவளுக்குத் தெரியும். அதனால்தானே பதினாலு வருஷம் விசைப்பலகையைக் காவல் காத்தாள்.

அது திரும்பி வந்தபோது அம்போன்சா உரக்கப் படித்தார். செத்தவரின் வயது நூற்று மூன்று ஆகியிருந்தது. மனைவிகள் மூன்று பேர் ஆகியிருந்தார்கள். கூடப்பிறந்தவர்களில் ஐந்து பேர் லண்டனிலும் இரண்டு பேர் டொராண்டோவிலும் இருந்தார்கள்; ஏழு பேரும் அந்த முற்றத்தில்தான் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். துக்கத்தில் முதல்வர் என்ற இடத்தில் ஒரு டயர்க்கடைக்காரர் பெயர் இருந்தது, அவர் எந்த வழி உறவு என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

இப்போது வெடிக்கும் என்று பிராகோ மூச்சைப் பிடித்தாள். வெடிக்கவில்லை. வயதைக் கேட்டதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நூறு தாண்டிய அப்பா என்றால் சும்மாவா. வேர்க்கடலை உரித்த ஏழு பேரும் ஒருவர் லண்டனை ஒருவர் குறை சொல்லவில்லை, சொன்னால் தன் லண்டன் போய்விடுமே. புதிதாக முளைத்த மூன்றாவது மனைவி வெட்கப்பட்டு மேல்துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். அம்போன்சா கடைசியாகத் தன் பெயரைப் பார்த்தார். அதற்கு முன்னால் யாரோ 'குடும்பத்தின் தூண்' என்று சேர்த்திருந்தார்கள். அவர் கொஞ்ச நேரம் தொண்டையைச் செருமினார். பிறகு அடோமா பக்கம் குனிந்து, தூணுக்குப் பக்கத்தில் தன் படமும் சின்னதாக வைக்க இடமிருக்குமா என்று கேட்டார்.

இருந்தது. வேலை அடோமாவுக்குப் போயிற்று. வயதை மட்டும் எண்பத்தைந்துக்கு இறக்கினார்கள், பாதிரியாருக்குப் பிறந்த வருஷம் குத்துமதிப்பாகத் தெரியும் என்பதால். பிராகோ மின்கம்பியைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அன்றைக்கு அவள் பேசிய ஒரே ஆள் அந்த மடிக்கணினி. அதை என்ன சொல்லித் திட்டினாள் என்பதை இங்கே எழுத முடியாது.

செவ்வாய்க்கிழமை வெயிலேறிய பிறகு அடோமா கடை வாசலில் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. இழவுப் பந்தலில் கொடுக்க வேண்டிய புத்தகம் இருபத்துநாலு பக்கம். அம்போன்சா பதினொரு தாளில் கையால் எழுதிய வாழ்க்கை வரலாறு, இருபத்தேழு பேர் சொல்லி அனுப்பிய அஞ்சலி, பாட்டுகள், பைபிள் வரிகள். குமாசி அச்சகம் மறுநாள் காலை வரை பொறுக்கும். கண்ணாடியில் இரண்டு விரலால் அடித்து ஐந்து பக்கம்தான் முடிந்திருந்தது. எழுத்துப் பலகை திரையில் பாதியைத் தின்றுவிடுகிறது, மேல் வரி கீழே ஓடிவிடுகிறது, விரல் நுனி மரத்துப்போயிற்று என்று அடுக்கினாள்.

"அக்கா, கொஞ்சம் உதவி பண்ணணும்."

பிராகோ கென்கேயை மீனோடு சேர்த்துப் பிசைந்துகொண்டிருந்தாள். நிதானமாக மென்றாள். இன்னொரு கவளம் எடுத்தாள்.

"என்கிட்டயா? என்னோடது மூடியே நாடா போட்டுக் கட்டினது. உன்னோடது பளபளன்னு இல்ல இருக்கு?"

"பளபளன்னுதான் இருக்கு. அடிக்கத்தான் முடியல."

"தேய்ச்சுப் பாரேன்."

பிராகோ இன்னும் இரண்டு தடவை கேட்க வைத்தாள். பிறகு கையைக் கழுவி, கணினியைத் திறந்து, தாள்களை வலப்பக்கம் சாய்த்து வைத்தாள். நல்லவேளை, அன்றைக்கு மின்சாரம் இருந்தது.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். பத்து விரலும் கிளம்பின. கண் அம்போன்சாவின் கோழிக் கிறுக்கல் மேல் இருந்தது, வாய் தெருவில் போகும் மீன்காரியிடம் பேரம் பேசியது, கை மட்டும் தனியாகப் பாஃபியின் முதல் லாரியையும் இரண்டாவது லாரியையும் வாங்கிக்கொண்டிருந்தது. விசைகளின் சத்தம் தகரக் கூரையில் மழை மாதிரி. எதிர்க்கடைக்காரி காயப்போட்ட துணியை எடுக்க ஓடினாள். மதியத்துக்குள் பதினாறு பக்கம்.

ஒரு தாள் திருப்பும்போது பிராகோ தற்செயலாக நிமிர்ந்தாள். அடோமா அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு கொஞ்சம் பிரிந்திருந்தது, டேப்லெட் மடியில் கவிழ்ந்து கிடந்தது. அந்தப் பார்வை பிராகோவுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. ஈஸ்டரிலிருந்து தினமும் காலையில் முகம் பார்க்கும் கண்ணாடியில் அவள் பார்த்து வந்தது அதைத்தான். இப்போது அது இன்னொருத்தி முகத்தில் இருந்தது. ஆறின சோற்றுக்குச் சூடான குழம்பு ஊற்றின மாதிரி இருந்தது அவளுக்கு. சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதே என்று கடைசி மூன்று பக்கத்தைக் கொஞ்சம் மெதுவாக அடித்தாள்.

கூலி வேண்டாம் என்றாள். புத்தகத்தின் பின்னட்டையில், இதைச் செய்தவர்கள் யார் என்று போடும் இடத்தில், பெயர் வேண்டும் என்றாள். 'பிராகோ, அடோமா' என்று தன் கையாலேயே அடித்து, எல்லாவற்றையும் டேப்லெட்டுக்கு அனுப்பினாள். படம் சேர்க்கும் வேலை அதில்தான் பாக்கியிருந்தது. அடோமா இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை இழவுப் பந்தலில் சிவப்பும் கறுப்புமாகக் கூட்டம் நிரம்பியிருந்தது. புத்தகம் கைக்கு வந்ததும் எல்லாரும் முன்னட்டையைப் பார்த்தார்கள், பிராகோ பின்னட்டையைப் பார்த்தாள்.

'அடோமா, பிராகோ.'

நிமிர்ந்தாள். குடும்பத்தார் உட்கார்ந்திருக்கும் முன்வரிசையில், செவாவுக்குப் பக்கத்து நாற்காலியில், அடோமா உட்கார வைக்கப்பட்டிருந்தாள். பதினாலு வருஷத்தில் பிராகோவுக்கு யாரும் அந்த வரிசையில் நாற்காலி போட்டதில்லை. நேரே போய்விட முடியாது. துக்கம் கேட்கிறவர்கள் வலது ஓரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொருவருக்கும் கைகுலுக்கிக்கொண்டுதான் போக வேண்டும். பிராகோ வரிசையில் நுழைந்தாள். முப்பது கைகளைக் குலுக்கினாள். டயர்க்கடைக்காரருக்கு அனுதாபம் சொன்னாள், லண்டன் தங்கைக்கும் டொராண்டோ தம்பிக்கும் சொன்னாள். அடோமாவின் எதிரே வந்து நின்றாள்.

"பேர் எப்படி நகந்துச்சு?"

"விரல் பட்டுடுச்சு, அக்கா."

"எத்தனை தடவ பட்டுச்சு?"

"ஒரே தடவதான். சரியாப் பட்டுச்சு." அடோமா மரியாதையாக எழுந்து நின்று, பக்கத்தில் இருந்தவர்கள் காதில் விழும்படி சொன்னாள்: "கோவிச்சுக்காதீங்க. ராஜா ஊர்வலம் வர்றப்ப சின்னவங்கதானே முன்னாடி போவாங்க? பெரிய ஆள் கடைசியிலதானே வருவாரு?"

செவா தலையை ஆட்டினாள். அந்தப் பக்கம் இருந்த இரண்டு கிழவிகளும், வளர்த்தவள் நன்றாக வளர்த்திருக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். அசாந்தி நாட்டில் பிறந்த யாரும் அந்தப் பேச்சில் குறை காண முடியாது. பிராகோவும் காணவில்லை. பொய் என்று தெரிந்தும் நெஞ்சு லேசாக நிமிர்ந்ததை அவளால் தடுக்க முடியவில்லை, அதுவே இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சரியாத்தான் சொன்ன" என்றாள். "அப்ப அடுத்த சாவுக்கு நீ பெரிய ஆளு. நான் முன்னாடி போயி வழி விலக்குறேன்."

கிழவிகள் அதற்கும் தலையாட்டினார்கள். அடோமா நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. பிராகோ அதைப் பிடித்து, அழுத்தமாக ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு, அடுத்த கைக்கு நகர்ந்தாள்.