ஓடாத ஆலைக்கு வந்தவர்கள்

ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டுக்கு இப்போது பஸ் ஓடுகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து போனால் வயல்களுக்கு நடுவே கைவிட்ட கட்டடங்கள் எத்தனையோ கண்ணில் படும். கூரை போன மாட்டுக் கொட்டகை, கதவில்லாத நெல் கிடங்கு, எருக்கஞ்செடி முளைத்த மண்சுவர். கூட வருகிறவர்கள் பாம்பு இருக்கும், பேய் இருக்கும் என்பார்கள். நான் ஒவ்வொன்றுக்கும் மனசுக்குள் ஒரு சலாம் வைப்பேன். என் வீட்டுக்காரர் இதைக் கண்டுபிடித்துவிட்டார். குட்டிச்சுவருக்கெல்லாம் சலாம் வைக்கிறவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான் என்று கேலி செய்வார். செய்யட்டும். அவரும் அப்படி ஒரு கூரைக்குக் கீழே படுத்தவர்தானே!

எனக்குக் கல்யாணமான மறுவருஷம் ஆம்பூரில் எலி விழுந்தது. எலி விழுந்தால் பிளேக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான். என் வீட்டுக்காரர் தோல் மண்டியில் தோலைத் தரம் பிரிக்கிற வேலையில் இருந்தார். மண்டியையும் மூடிவிட்டார்கள். நான் நிறைமாசம். தலைப்பிரசவத்துக்கு எப்படியும் அம்மா வீட்டுக்குப் போகத்தானே வேண்டும் என்று மாட்டு வண்டி பிடித்துக் கிளம்பினோம்.

அம்மா ஊரின் எல்லையில் வேலமுள்ளை வெட்டிப் போட்டுப் பாதையை அடைத்திருந்தார்கள். ஆம்பூர்க்காரர் யாரையும் உள்ளே விடக் கூடாது என்று கட்டுப்பாடு. முள்ளுக்கு அந்தப் பக்கம் என் அம்மா நின்று அழுதாள். இந்தப் பக்கம் நான் நின்று திட்டினேன். ஊரை, ஊர்ப் பெரிய மனுஷர்களை, அழுகிற அம்மாவையும் சேர்த்து. எனக்கு அழுகை வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். சின்ன வயசிலிருந்தே அப்படி. எங்களை விட்டுவிட்டுத் தன் சொந்தக்காரர் ஊருக்குப் போகவிருந்த வண்டிக்காரனுக்கு, அதையும் இப்படி அடைத்துவிடுவார்களோ என்று கவலை பிடித்துக்கொண்டது. எங்களைப் பாதி வழியில் இறக்கிவிட்டு அவசரமாக ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

மழை வேறு பிடித்துக்கொண்டது. வயல் நடுவே ஒரு கொட்டகை தெரிந்தது. உள்ளே நுழைந்த பிறகுதான் அது கரும்பு ஆலை என்று கண்டுகொண்டேன். என் அம்மா ஊர் கரும்பு விளைகிற ஊர், எனக்குத் தெரியாதா? மாடுகள் சுற்றிச் சுற்றி நடந்த வட்டம் வெளியே பள்ளமாகத் தெரிந்தது. உள்ளே வெல்லம் காய்ச்சுகிற பெரிய அடுப்பு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. கிணற்றுத் தண்ணீர் இறங்கிப் போனதால் கரும்பு போய், கரும்பு போனதால் கொட்டகையை அப்படியே விட்டுவிட்டார்கள் என்பது பின்னால் தெரிந்தது. கூரையில் பாதிதான் மிச்சம். அந்தப் பாதிக்குக் கீழே என்னைப் படுக்க வைத்துவிட்டு அவர் நனைந்துகொண்டே தேள் அடித்தார்.

காலையில் நிலத்துக்காரர் கையில் தடியோடு வந்து தள்ளி நின்றார். எந்த ஊர் என்று கேட்டார். என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்லத் தெரியாது, சொல்லிவிட்டார். வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று நிலத்துக்காரர் சொன்னார். இவரும் உடனே மூட்டையைக் கட்ட ஆரம்பித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்னிய ஆம்பளையிடம் பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. இருந்தாலும் வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

"ஆலைக்கு வந்தவங்கள வெறுங்கையோட தொரத்துறதுதான் உங்க ஊரு வழக்கமா?"

ஆலை ஓடுகிற நாளில் வழியில் போகிறவர் யார் நுழைந்தாலும் ஒரு சொம்புச் சாறாவது ஒரு துண்டு வெல்லமாவது கொடுத்துத்தான் அனுப்புவார்கள். இல்லையென்று சொன்னால் பாகு பதத்துக்கு வராது என்று பயம். அந்த வழக்கத்தைத்தான் நான் அவர் முகத்தில் வீசினேன்.

"ஆலை ஓடி எத்தினி வருசமாவுது. கரும்பு எங்க கீது, பாகு எங்க கீது?" என்றார்.

"ஆலை நின்னுபோனா வழக்கமும் நின்னுபோவுமா?" என்றேன்.

அவர் தடியால் தரையைக் கிளறினார். பிறகு ஊர்ப் பக்கம் திரும்பிப் போய்விட்டார். ஆள் கூட்டிக்கொண்டு வந்து அடிக்கப் போகிறார், உன் வாய் சும்மாவே இருக்காதா என்று என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கும் பயம்தான், வெளியே காட்டிக்கொள்ளவில்லை. உச்சிப் பொழுதில் நிலத்துக்காரர் தனியாகத்தான் வந்தார். வட்டத்தின் ஓரத்தில் கிடந்த பழைய ஆலைக் கல்லின் மேல் ஒரு கஞ்சிக் கலயத்தையும் இலையில் சுற்றிய வெல்லத்தையும் வைத்தார். வைத்துவிட்டு, புள்ளை பிறந்து தாய் எழுந்து நடக்கிறவரை இருந்துவிட்டுப் போங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். அந்த வெல்லத்தின் ருசி பற்றி எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. கண்ணீரோடு சேர்த்து விழுங்கினேன், உப்புக் கரித்ததுதான் ஞாபகம்.

ஊர்க்காரர்கள் அவரை விடுவார்களா? பஞ்சாயத்துக் கூட்டினார்கள். அவர் நிலம், அவர் கொட்டகை, எங்களைத் துரத்த முடியவில்லை. அதனால் ஒரு கட்டுப்பாடு போட்டார்கள். எது கொடுப்பதாக இருந்தாலும் அந்தக் கல்லோடு சரி. கல்லைத் தாண்டி எங்களிடம் போனவர், ஆம்பூரில் நோய் முழுசாக அடங்குகிறவரை ஊருக்குள் கால் வைக்கக் கூடாது. இதை நிலத்துக்காரரே வந்து கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லார் வீட்டிலும் குழந்தை குட்டி இருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கூச்சல்தான். தினமும் கேழ்வரகுக் களியும் வெங்காயமும் கல்லுக்கு வரும். கூடவே அவருடைய கத்தலும் வரும். என் வீட்டுக்காரருக்குத் தோலைத் தொட்டே அது ஆடா மாடா என்று சொல்லத் தெரியும், கூரை கட்டத் தெரியாது. நிலத்துக்காரர் அங்கிருந்தே தொண்டை கட்டுகிற மட்டும் கத்தி, ஓலை வேயச் சொல்லிக் கொடுத்தார். இவர் தலைகீழாகக் கட்டுவார், அவர் தலையில் அடித்துக்கொள்வார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அவர் மனைவியும் வர ஆரம்பித்தார். என்னைவிட ஒரு பத்து வயசு மூத்தவர். அக்கா என்று கூப்பிட்டேன். என்ன வேண்டும், எது சாப்பிடப் பிடிக்கிறது என்று கல்லருகே நின்று கேட்பார். மறுநாள் அது வந்துவிடும். புள்ளை தலை இறங்கிவிட்டதா, இடுப்பு கடுக்கிறதா என்பதையும் அங்கிருந்தே கத்திக் கேட்பார். நான் வெட்கத்தை விட்டுவிட்டுத் திருப்பிக் கத்துவேன். ஏர் ஓட்டுகிறவர்கள் எல்லாம் கேட்டுக்கொண்டு தலையைக் குனிந்து போவார்கள். கூடப் பிறந்தவளிடம்கூட நான் அவ்வளவு பேசினதில்லை.

ஆனால் ஒன்று மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். பிரசவம் பார்க்க யாரும் வரப் போவதில்லை. ஊர் மருத்துவச்சி முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். தலைப்பிரசவம், கூட ஒரு பெண்பிள்ளை இல்லை. பிழைப்பேனா என்கிற நினைப்பு பகலில் சிரிக்கிறபோதும் என்னை விடவில்லை.

ஒரு நாள் மத்தியானம் வலி கண்டது. என் வீட்டுக்காரர் கல்லுக்கு ஓடிப் போய்ச் சத்தம் போட்டார். புருஷனும் மனைவியும் வயலிலிருந்து வந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஊர்ப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். அவரைச் சொல்லி என்ன, யாராக இருந்தாலும் போவார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு அல்லாவைக் கூப்பிட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து யாரோ என் முதுகைத் தாங்கினார்கள். அக்காவின் கை. அதற்கு மேல் அந்தக் கையைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

பொழுது சாயும்போது மகன் பிறந்தான். அக்கா அவனைக் குளிப்பாட்டி என் பக்கத்தில் போட்டார். என் வயிற்றில் துணியை இறுக்கிக் கட்டினார். எனக்கு அப்போதுதான் புத்தி தெளிந்தது. பயந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, போதும். யாரும் பாக்கறதுக்கு முன்னாடி ஊட்டுக்குப் போய்டுங்க."

அவர் சிரித்தார். அடுப்புப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே ஒரு சோற்றுப் பானையும், மடித்த இரண்டு புடவையும், சுருட்டிய பாயும் இருந்தன.

"திரும்பிப் போறதுக்கு நான் வரல, பொண்ணே. கொஞ்சம் நவுந்து படு, பாய விரிக்கணும்."