தாலி கட்டும் நேரத்தில் பேர் கேட்ட கம்ப்யூட்டர்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று தேடினீர்களா? கல்யாணம். வேறு யாருக்கு, எனக்குத்தான்! வாழ்த்தெல்லாம் பிறகு சொல்லலாம். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

மலையடிவாரத்துத் தாப்பாவில், பெண் வீட்டுப் பக்கத்துக் கோயில். மாலையும் கழுத்துமாக மணவறையில் உட்காரப் போகிறேன். மேளக்காரர் அப்போதுதான் தவிலைத் தட்டிப் பார்க்கிறார். எதிரே சாமான் கடை வைத்திருக்கும் சீன முதலாளி, எல்லாருக்கும் தவுக்கே, கோயில் வாசலில் வந்து நின்று கத்துகிறார்.

“மாப்ளே! தெலிபோன்! மேலே எஸ்டேட் ஆபீஸ்லா!”

 பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். பின்னால் மாமியாராகப் போகிறவரின் குரல் — “ஐயையோ, மாப்பிள்ளை எங்க ஓடுறாரு?”

போனில் எங்கள் ஆபீஸ் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, சுப்பையா ஐயா.

“தம்பி... செத்துப் போச்சுப்பா.”

“யாரு ஐயா?”

“கம்ப்யூட்டர்லா!”

வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும் — கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்ட ஆபீஸில் நான் சின்ன கிராணி. அப்பாவுக்கு மருந்தடிக்கிற வேலை. அம்மா கொழுந்து பறிக்கிறார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான்தான். படித்த பிள்ளை என்று பேர் வாங்கிவிட்டால் தெரியுமே... தொழிலாளர் லயத்தில் யார் வீட்டு ரேடியோ கரகரத்தாலும் கூப்பிடுவார்கள். தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தை எப்போது விழுங்குவது என்று கேட்கவும் கூப்பிடுவார்கள். அப்படியிருக்க, ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது யாரைக் கூப்பிட்டிருப்பார்கள்?

தினமும் வருகிற கொழுந்தின் எடையை வாங்கி வைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. வேலையெல்லாம் நன்றாகத்தான் செய்யும். ஆனால் ஃபேக்டரியில் பெரிய மெஷின்களை ஓட்டும்போது கரண்ட் ஒரு குதி குதிக்கும் பாருங்கள்... உடனே இதற்குப் புத்தி பேதலித்துவிடும். எடைக் கணக்கைத் தனி டிஸ்க்கில் எடுத்து வைத்திருப்பேன், அதற்கு ஆபத்தில்லை. ஆனால் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை மறுபடி அடியிலிருந்து ஏற்ற வேண்டும். அது என்ன என்கிறீர்களா? கண் விழி, முகம் கழுவு, வேலைக்குப் போ என்று மெஷினுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாடம் ஏற்றுகிறவரைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டு மெஷின் கேள்வி கேட்கும். பழையதை அழிக்கலாமா? நிச்சயமா? அடுத்து என்ன? பெண் பார்க்க வந்த அத்தைமார்கூட அத்தனை கேள்வி கேட்கமாட்டார்கள். நான் இல்லாத ஒருநாள் சுப்பையா ஐயா முயன்று பார்த்தார். ‘நிச்சயமா?’ என்று கேட்டதும் எழுந்து போய்விட்டார். “நிச்சயமான்னு கேக்குதுப்பா. நான் என்னத்தக் கண்டேன்?”

ஆகவே, ஆபீசில் அதை எழுப்பத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். கல்யாணத்துக்கு லீவு கேட்கப் போனபோதுதான் அதன் அருமை புரிந்தது.

“ஒரு வாரம் எடுத்துக்கோ. ஆனா மெஷின் படுத்துச்சுன்னா அன்னைக்கே நீ மேல வந்துரணும். ஜீப் அனுப்புவேன்” என்றார் எங்கள் துரை, தோட்டத்து மேனேஜர்.

தாலி கட்டிய கையோடு மாப்பிள்ளை ஜீப்பில் ஏறிப் போனால் பெண் வீட்டில் என்ன நினைப்பார்கள்? கமலா என்ன நினைப்பாள்? பேசி முடித்த பெண்ணிடம், ‘உனக்கு முன்னால் எனக்கு ஒரு மெஷின் இருக்கிறது’ என்றா சொல்ல முடியும்?

ஒரு வழி தோன்றியது. மெஷின் கேட்கும் கேள்விகள் எப்போதும் ஒன்றுதான். வரிசையும் ஒன்றுதான். அப்படியானால் பதில்களை முன்கூட்டியே வரிசையாக எழுதி, பாடம் ஏற்றும் டிஸ்க்கிலேயே வைத்துவிட்டால்? கீபோர்டைப் பார்த்துக் காத்திருக்காமல் அந்தப் பதில்களை எடுத்துக்கொள் என்று மெஷினுக்கு உத்தரவு போட்டுவிட்டால்? டிஸ்க்கைச் செருக வேண்டியது, சுவிட்சைப் போட வேண்டியது, டீ குடிக்கப் போக வேண்டியது. அவ்வளவுதான்.

பல நாள் மல்லுக்கட்டி முடித்தேன். சுப்பையா ஐயா கையாலேயே செருகச் சொன்னேன். கர்... கர் என்று தானே கேட்டு, தானே பதில் சொல்லி, தானே எழுந்து உட்கார்ந்தது. “பேய் டைப் அடிக்குதா?” என்று அவர் இரண்டடி பின்னால் போனார். துரை பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அதோடு விட்டிருந்தால் பிரச்சினையில்லை. ஆயுத பூஜை வந்தது.

லோரிக்கு வாழைக்கன்று, டைப்ரைட்டருக்குச் சந்தனம், தராசுக்கு மாலை. கம்ப்யூட்டருக்கும் ஓர் அர்ச்சனை செய்தால்தான் ஆச்சு என்று சுப்பையா ஐயா பிடிவாதம். பூசாரி தட்டை ஏந்திக்கொண்டு கேட்டார். “பேரு?”

“கம்ப்யூட்டர்.”

“அது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பேருதானே? உனக்கு அர்ச்சனைன்னா மனுசன்னா சொல்லுவே?”

நியாயம்தானே? நான் உடனே உட்கார்ந்து, மெஷினுக்குள் இருக்கும் பெரிய டிஸ்க்குக்கு இங்கிலீஷ் எழுத்தில் ‘வேலன்’ என்று பேர் வைத்தேன். நட்சத்திரம் கார்த்திகை என்று பூசாரியே முடிவு செய்தார். அர்ச்சனை அமோகம்.

இனி, சாமான் கடைப் போனுக்கு வருவோம்.

“டிஸ்க்கைப் போட்டீங்களா ஐயா?”

“போட்டேன். நீ சொன்ன மாதிரி எதையும் தொடல. டீ குடிச்சிட்டு வந்து பாத்தா அப்படியே நிக்குது. பேரு தப்புன்னு போட்டிருக்கு. யாரு பேருப்பா தப்பு?”

எனக்கு உறைத்தது. பேரில்லாத டிஸ்க் என்றால் மெஷின் நேராக ‘அழிக்கலாமா?’ என்று கேட்கும். பேருள்ள டிஸ்க் என்றால், அதற்கு முன்னால் ‘இதன் பேர் என்ன?’ என்று ஒரு கேள்வி கூடுதலாக வரும். கேள்வியைப் புரிந்துகொண்டா என் டிஸ்க் பதில் சொல்கிறது? வரிசைப்படி ஒப்பிக்கிறது! ‘உன் பேர் என்ன?’ என்று கேட்டதற்கு ‘ஆமாம்’ என்று சொல்லியிருக்கிறது.

“ஐயா, ஒண்ணுமில்ல. நான் சொல்லச் சொல்ல நீங்களே அடிச்சிருங்க.”

“நானா? அலமாக்! வேணாம்பா. துரை ஜீப்புக்கு ஆள் கூப்பிடப் போயிட்டாரு.”

“நீங்க அடிக்கலேன்னா நான் இன்னைக்கே மேல வரணும் ஐயா.”

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம். பிறகு, “பொண்ணு அழுவுமா?”

“அழும்.”

“சொல்லு.”

டிஸ்க்கை அழிக்கும் உத்தரவை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். ஒவ்வோர் எழுத்துக்கும் நடுவில் அவர் மூச்சு வாங்குவது கேட்டது. கடை வாசலில் மாமியார். அவருக்குப் பின்னால் என் அப்பா. “நல்ல நேரம் போவுதுடா!” என்கிறார். தவுக்கே அவர்களுக்கு ஸ்டூல் எடுத்துப் போடுகிறார்.

“பேரு கேக்குதுப்பா.”

“வேலன்னு அடிங்க.”

“முருகா... அடிச்சிட்டேன். இப்ப நிச்சயமான்னு கேக்குது.”

“ஆமாம்னு அடிங்க ஐயா!”

ஒரு தட்டு. பிறகு கர்... கர்... அந்தச் சத்தம் தாப்பா வரை கேட்டது.

“அழிச்சு முடிச்சதும் புதுப்பேரு கேக்கும். எதுவும் கொடுக்காதீங்க, சும்மா தட்டி விடுங்க. அப்புறம் ஆஃப் பண்ணி, என் டிஸ்க்கோட மறுபடி ஆன் பண்ணுங்க. மிச்சத்தை அது பாத்துக்கும்.”

ரிசீவரைத் தவுக்கே கையில் கொடுத்துவிட்டு ஓடினேன். கெட்டிமேளம். தாலி கட்டினேன்.  அட்சதை விழுகிறது, என் கண் மட்டும் வாசலில். வலம் வரும்போது தவுக்கே அங்கே நின்று கையை உயர்த்தினார்.

“ஓகே லா, மாப்ளே! ஜீப் வராது!”

அதைவிடப் பெரிய ஆசீர்வாதம் அன்று யாரும் செய்யவில்லை. உட்காரும்போது விருந்து வாசனை மூக்கில் ஏறியது. அதுவரை எனக்கு மூக்கே இல்லை.

நான் இல்லாவிட்டால் வேலை நடக்காது என்று சொல்லிக்கொள்வதில் நமக்கெல்லாம் ஒரு பெருமை இருக்கிறது, இல்லையா? எனக்கும் இருந்தது. படித்த முதல் பிள்ளைக்கு அது கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். ஆனால், அந்தப் பெருமைக் கயிற்றின் மறுமுனையை எப்போதும் இன்னொருவர் பிடித்துக்கொண்டிருக்கிறார்... வேண்டும்போது இழுக்கலாம்.

லீவு முடிந்து நேற்று ஆபீசுக்குப் போனேன். என் நாற்காலியில் சுப்பையா ஐயா, என் டிஸ்க்கின் துணையில்லாமல் தானே பாடம் ஏற்றிக்கொண்டிருக்கிறார். ‘நிச்சயமா?’ என்கிறது மெஷின். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு தட்டு தட்டிவிட்டுச் சொன்னார்.

“ஏன் தம்பி, அதுக்குள்ள வந்துட்டே?”