பூட்டிய வாசல் வரை நடந்த மணப்பெண்

ஜெபத்தின் நடுவே கேட்கும் பஸ் ஹாரன்தான் முதலில் ஞாபகம் வருகிறது... ஆமென் சொல்வதற்குள் இரண்டு பஸ் போய்விடும்.

இரும்புலியூரில் இருக்கும் எங்கள் பிரஸ்பிடேரியன் சர்ச், ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் கட்டியது. கூரை செங்குத்தாக இருக்கும். பனி தங்காமல் சறுக்கி விழ வேண்டுமாம். இரும்புலியூரில் இதுவரை பனி விழவில்லை. விழுந்தால் நாங்கள் தயார்.

எங்களுக்கு பிஷப் கிடையாது. சபை மூப்பர்கள் கூடி, எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் ஒரு மின்விசிறிகூட இடம் மாறும்.

ஜி.எஸ்.டி. ரோட்டை அகலப்படுத்தியபோது முகப்பு மண்டபமும் படிகளும் போயின. வாசல் கதவைத் திறந்தால் நேரே மழைநீர்க் கால்வாய். மூப்பர்கள் அதைப் பூட்டிவிட்டார்கள். பிறகு எல்லோரும் பிரசங்க பீடத்தை ஒட்டிய பக்கக் கதவு வழியாகத்தான் வரவேண்டும். தாமதமாக வருகிறவரை மொத்தச் சபையும் நேருக்கு நேர் பார்க்கும். எத்தனையோ பிரசங்கங்கள் திருத்தாதவர்களை அந்தக் கதவு திருத்தியது.

அந்தச் சமயத்தில்தான் அக்கா கல்யாணம். பக்கக் கதவிலிருந்து பீடத்துக்கு நாலே அடி.

"சின்ன வயசுலேர்ந்து அப்பா கையப் புடிச்சிக்கினு வாசல்லேர்ந்து பீடம் வரைக்கும் நடக்கணும்னு ஆச அங்கிள். இது என்ன, பஸ்ல லேடீஸ் சீட்டுக்குப் போற மாதிரி?"

மூத்த மூப்பர் செல்லதுரை அங்கிள் கண்ணாடியைத் துடைத்தார். "வாசலத் தொறந்தா கால்வாய்லதாம்மா கால் வைக்கணும். பட்டுப்பொடவ வேற."

"அப்ப கூடுவாஞ்சேரி மண்டபத்துல வச்சிக்கிறோம்."

சபையில் வளர்ந்த பெண்ணுக்கு மண்டபத்தில் கல்யாணமா? மூப்பர்கள் மறுபடி கூடினார்கள். டீ வந்தது, போண்டா வந்தது, கடைசியில் ஒருமனதாகத் தீர்மானமும் வந்தது. மணப்பெண் பக்கக் கதவு வழியாக வந்து, பூட்டிய வாசல் வரை நடந்து, அங்கிருந்து திரும்பி பீடத்துக்கு வரலாம்.

அப்படியே நடந்தாள். தன்னைத் தாண்டிப் போகும் பெண்ணைப் பார்த்து மாப்பிள்ளை வெளிறிப்போனார்.

"மச்சான், பொண்ணு எங்கடா போவுது?" என்று அவர் நண்பர் கேட்டது சபைக்கே கேட்டது.

வாசலருகே அப்பா நின்று மூச்சு வாங்கினார். கீபோர்டு வாசித்தவர் பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அதற்குப் பின் வந்த மணப்பெண்கள் எல்லோரும் அப்படியே நடந்தார்கள்.

இப்போது கால்வாய்க்கு மூடி போட்டாயிற்று, படியும் கட்டியாயிற்று. வாசல் திறந்தே இருக்கிறது. போன மாதம் அக்கா மகள் கல்யாணம். அவளும் பக்கக் கதவு வழியாகத்தான் வந்தாள். திறந்திருந்த வாசல் வரை போய், ரோட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

"இது ஸ்காட்லாந்துலேர்ந்து வந்த மரபு" என்று புது பாஸ்டர் விருந்தினர்களுக்கு விளக்கினார்.

முன்வரிசையில் இருந்த அக்கா பக்தியோடு தலையசைத்தாள்.

பிறகு என் பக்கம் சாய்ந்தாள். "நானும் அப்பாவும் இதவிட மெதுவா நடந்தோம்டா..."