காயாத நெல்லும் எலியாவின் மழையும்

திருவாரூர் பஸ் வருவதாக இல்லை. நிறுத்தத்துக்கு எதிரே மாதா கோயில். அதன் சிமெண்டு முற்றம் முழுக்கக் கோடை நெல் காய்கிறது. ஈரம் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால், வெயிலின் கடைசிச் சூடு வரைக்கும் விட்டுவைத்திருக்கிறார்கள். மேற்கே வானம் கறுக்கிறது.

நெல்லோரமாக நின்று ஸ்டெல்லா என்ற பெண் செல்போனைப் பார்த்து முணுமுணுக்கிறார். இன்று அந்தோணியார் திருநாள். மாலைப் பூசையில் வாசகம் வாசிப்பது அவர் முறையாம். பைபிளில், வறட்சிக் காலத்தில் இறைவாக்கினர் எலியா மலையேறி மழை கேட்கும் பகுதி.

"இந்த நெல்லு யாருதுங்க?" என்று கேட்கிறேன்.

"பாதி எங்களுது."

"அப்ப வேற ஏதாச்சும் வாசிக்கலாமே?"

"அதெப்படிங்க? இன்னைக்கு உலகம் பூரா இதத்தான் வாசிப்பாங்க. எங்க நெல்லு காயலன்னு மாத்த முடியுமா?" சிரிக்காமல் கேட்கிறார்.

மணி அடிக்கிறது. நான் வாசலில் நின்றுகொள்கிறேன். ஸ்டெல்லா நிதானமாக வாசிக்கிறார். கடலிலிருந்து உள்ளங்கை அளவு மேகம் எழும்பும் இடத்தில் சிலர் திரும்பி வெளியே பார்க்கிறார்கள். பெருமழை பெய்யும் இடம் வருவதற்குள் தகரக் கூரையில் தூறல் கேட்கிறது.

"ஆண்டவரின் அருள்வாக்கு" என்று முடிக்கிறார் ஸ்டெல்லா.

"இறைவா, உமக்கு நன்றி" என்று சொல்லிக்கொண்டே பாதிப் பேர் தார்ப்பாயை இழுக்க ஓடுகிறார்கள். முதலில் ஓடுவது அவருடைய கணவர்.

ஸ்டெல்லா நகரவில்லை. வாசகத்தை அடுத்து வரும் பதிலுரைப் பாடலையும் அவர்தான் சொல்ல வேண்டும். குரலைக் கொஞ்சம் உயர்த்தி, நிலத்தை நனைத்ததற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லத் தொடங்குகிறார்.