திரும்பிப் பார்க்காதே

எழுபதுகளில் ஒரு கோடை. ஒரகடத்துக்குப் பக்கத்தில், ஏரிக்கரையை ஒட்டி எங்கள் வீடு. கைக்குழந்தையாக இருந்த என் மகளுக்குக் காய்ச்சல் இறங்கவே இல்லை. டாக்டர் கொடுத்த மருந்தையும் கக்கிவிட்டாள். பிறகு பிழைத்துக்கொண்டாள், அது வேறு விஷயம். அன்றைக்கு இருந்த பயத்தில் எனக்கு எந்தச் சாமியும் வேறு சாமியாகத் தெரியவில்லை.

காலையில் அம்மன் கோயிலுக்குப் போனேன். பூசாரி திருநீறு பூசி, "திரும்பிப் பாக்காம வூட்டுக்குப் போம்மா" என்றார். மத்தியானம் தர்காவில் தண்ணீர் ஓதிக் கொடுத்த பெரியவரும் அதையே சொன்னார். சாயங்காலம் மாதா கோயிலில் எண்ணெய் தடவி ஜெபித்த உபதேசியார், "வேதத்துல பின்னால திரும்பிப் பாத்தவ உப்புத்தூணா ஆயிட்டா, தெரியுமில்ல?" என்றார். மற்ற எல்லாவற்றிலும் முட்டிக்கொள்கிறவர்கள் இதில் மட்டும் ஒரே பேச்சு! எரிச்சலாக இருந்தது. கூடவே பயமும் வந்தது. அப்படியானால் பின்னால் நிஜமாகவே ஏதோ வருகிறது.

குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஏரிக்கரையில் நடந்தேன். பின்னால் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. நாயாகவோ மாடாகவோ இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். திரும்பவில்லை.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு அக்கா நின்றிருந்தாள். "இன்னாடி, கொயந்தைய தோள்ல போட்டுகினா வந்த? அது வழியெல்லாம் பின்னாலதான பாத்துகினு வந்திருக்கும்?"

அதை எனக்கு யாருமே சொல்லவில்லை. மெல்ல மகளின் முகத்தைப் பார்த்தேன். நாள் முழுக்கக் கண் திறக்காதவள் விழித்திருந்தாள். ஏரிக்கரையைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தாள்.

உள்ளே போய், திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டிக் கதவைச் சாத்தினேன்.

சாத்திய பிறகும் அவள் கையாட்டுவதை நிறுத்தவில்லை.